சான்றோடு பேசும் வகுப்பறை: தென்சென்னைப் புறநகரும் இணையவழி வரலாற்றுக் கல்வியும்

1863 மே 30 அன்று, பல்லாவரம் இராணுவத் திடலை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த இளம் அதிகாரி அவர். பழைய கற்கால மனிதர் தட்டிச் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியத் துணைக்கண்டத்தின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம்.

பல்லாவரத்திலிருந்து மின்ரயிலில் தெற்கே போனால் மூன்றாவது நிறுத்தம் தாம்பரம். இந்தப் பாதையின் இருபுறமும் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மனித இனத்தின் பரிணாம வளர்ச்சியைப் படிக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் சோழர் வரலாற்றையும், எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகையையும் படிக்கிறார்கள். மூன்றுக்குமான சான்றுகள் அவர்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள் கிடக்கின்றன. ஆனால் பாடம் பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் ‘புக் பேக்’ என்று அழைக்கும் அந்தக் கேள்விகள்தாம் தேர்வுக்கு வரும் என்பதால், வேறெதற்கும் நேரம் மிஞ்சுவதில்லை.

இந்த இடைவெளியை இணையம் நிரப்பும் என்ற நம்பிக்கை கடந்த சில ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. செயலிகள், காணொளிகள், திறன்மிகு வகுப்பறைகள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. இவை வரலாற்றைக் கற்பிக்கின்றனவா, எப்போது கற்பிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திரையைத் தொடுவதால் மட்டும் ஒரு பிள்ளை வரலாற்றைக் கற்றுவிடுவதில்லை. ஒரு சான்றைக் கையில் வாங்கி, அதைக் கேள்வி கேட்டு, தன் முடிவைப் பிறர்முன் வைத்து வாதிடும்போதுதான் கற்கிறது. இணையத்தின் பயன், அந்தச் சான்றுகளைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவருவதில் இருக்கிறது. தென்சென்னைப் புறநகர் அதற்கு ஏற்ற சோதனைக்களம்.

ஊடாட்டம் என்றால் எதனோடு?

கணினிவழி வரலாற்றுப் பாடத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ஷ், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காகத் தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ‘ஆரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தவர்களின் பயணம்தான் அதன் கதை. அன்று வகுப்பறையில் திரை கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவிலிருந்த பெருங்கணினியோடு இணைந்த தட்டச்சுக் கருவி ஒன்று, கேள்வியைத் தாளில் அச்சிடும். மாணவர்கள் கூடிப் பேசிப் பதிலைத் தட்டுவார்கள். சில ஆண்டுகள் கழித்து ராவிட்ஷ் அந்த விளையாட்டைத் திருத்தியபோது, உண்மையான பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்தார். நோய், விபத்து, வானிலைக் கேடு ஆகியவை எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்று கணக்கிட்டு அதற்கேற்ப விளையாட்டை அமைத்தார். கருவி எளியது, அதன் அடியில் சான்று இருந்தது. குழுவாகப் பேச வேண்டிய கட்டாயமும் இருந்தது.

இன்று ‘ஊடாடும் பாடம்’ என்று விற்கப்படுபவற்றில் பல இந்த இரண்டையும் இழந்துவிட்டன. ஒரு காணொளி ஓடும். இடையில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும். சரியென்றால் நட்சத்திரம் மின்னும். கற்றல் அறிவியலாளர்கள் மிச்செலின் சீயும் ரூத் வைலியும் 2014இல் வெளியிட்ட பகுப்பு இங்கே உதவுகிறது. மாணவரின் ஈடுபாட்டை அவர்கள் நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வெறுமனே பார்ப்பதும் கேட்பதும் முதற்படி. அடிக்கோடிடுவது, தேர்ந்தெடுப்பது போன்ற செயல் இரண்டாம் படி. கொடுக்கப்பட்டதைத் தாண்டித் தானாக விளக்கமோ கேள்வியோ உருவாக்குவது மூன்றாம் படி. இன்னொருவரோடு மாறிமாறி அப்படி உருவாக்குவது நான்காம் படி. மேலே போகப் போகக் கற்றல் ஆழமாகும் என்பது அவர்கள் முடிவு. இந்த அளவுகோலில், நட்சத்திரம் மின்னும் வினாடி வினா இரண்டாம் படியைத் தாண்டவில்லை. பக்கத்து இருக்கைத் தோழியோடு ஒரு பழைய வரைபடத்தை வைத்து ‘இந்த ஏரி எங்கே போயிற்று?’ என்று வாதிடும் சிறுமி நான்காம் படியில் நிற்கிறாள்.

நியூயார்க் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 2010இல் தொடங்கிய ‘மிஷன் யூஎஸ்’ விளையாட்டுத் தொடர் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன் முதற்பகுதியில் மாணவர் 1770இல் பாஸ்டன் நகரின் அச்சகம் ஒன்றில் வேலை பழகும் 14 வயதுச் சிறுவனாகிறார். ஆங்கிலப் படைவீரர்கள் கூட்டத்தின்மீது சுட்ட நிகழ்வில் ஒவ்வொரு மாணவரும் காணும் காட்சித் துண்டுகள் வேறு வேறு. பிறகு வகுப்பில் அவர்கள் தம் சாட்சியங்களை ஒப்பிட வேண்டும். ஒரே நிகழ்வுக்குப் பல சாட்சிகள் இருப்பதையும், சாட்சிகள் முரண்படுவதையும், வரலாற்றாசிரியர் அந்த முரணுக்குள்தான் வேலை செய்கிறார் என்பதையும் 12 வயதிலேயே உணர்த்தும் வடிவம் இது.

ஆய்வுகள் காட்டும் வழி

வரலாற்றுச் சிந்தனை மனிதருக்கு இயல்பாக வருவதில்லை என்று வாதிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க். ஓர் ஆவணத்தைக் கண்டால் மாணவர் அது என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்பார். வரலாற்றாசிரியரோ அதை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று முதலில் பார்ப்பார். இந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே கொண்டுவர முடியுமா என்பதை அவிஷாக் ரைஸ்மன் சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார். ஆறு மாதம், 236 மாணவர்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு மையக் கேள்வியோடும் முரண்படும் சில ஆவணங்களோடும் அமைந்தது. பழைய ஆவணங்களின் கடினமான மொழி மாணவர்களுக்காக எளிமைப்படுத்தப்பட்டிருந்தது. வழக்கமான முறையில் படித்தவர்களைவிட இவர்கள் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமல்லாமல், தகவல்களை நினைவில் வைப்பதிலும் பொதுவான வாசிப்புத் திறனிலும் முன்னேறியிருந்தார்கள். சான்றுகளோடு படித்தால் தேர்வுக்கான தகவல் குறைந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இதுவே பதில்.

இந்த வழி மேலைநாட்டு ஆடம்பரமும் அல்ல. 1980களில் மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு சில அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் புதிய சமூக அறிவியல் பாடநூல்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கதை, படம், வரைபடம், விவாதக் கேள்விகள் என்று பாடங்கள் அமைந்தன. தேர்வைப் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. படித்ததைக் கொண்டு யோசிப்பதற்குத்தான் மதிப்பெண். கணினி எதுவும் இல்லாமலே அது ஊடாடும் பாடமாக இருந்தது.

நம் மாநிலத்திலேயே, இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் பலருக்குத் தெரிந்த முன்மாதிரி. அங்குள்ள மாணவர்கள் பானை ஓடுகளை அடையாளம் காணவும் பழைய தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கவும் பழகினார்கள். தம் ஊரைச் சுற்றிய வரலாற்றுத் தடயங்களைத் தாங்களே பதிவு செய்தார்கள். ஒரு கடலோரக் கிராமத்து அரசுப் பள்ளி செய்ததைத் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பள்ளிகளாலும் செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் இதுவரை

அடித்தளம் இல்லை என்று சொல்ல முடியாது. 2018-19 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு உள்ளிட்ட நான்கு வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு ஏழு, எட்டு உள்ளிட்ட பிற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. பாடங்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன; கைபேசியால் வருடினால் திக்ஷா தளத்தில் உள்ள காணொளி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். இடையில் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களுமே பல குடும்பங்களுக்குப் பள்ளியாக இருந்தன. 2023 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறை ‘மணற்கேணி’ செயலியைத் தாம்பரத்திலுள்ள ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வெளியிட்டது. பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இயங்குபடக் காணொளியும் கேள்விகளும் தமிழிலேயே இலவசமாகத் தருவது அதன் நோக்கம்.

இவை பெரிய முயற்சிகள். மின்னோட்டமோ உயிரணுவோ பாடமாக இருக்கும்போது இயங்குபடம் மிகுந்த பயன் தரும்; கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும். வரலாற்றுக்கு அந்த வடிவம் போதாது. ஒரு சோழ மன்னரின் வெற்றிகளைக் குரலும் படமுமாக ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால், பிள்ளை பெறுவது ஒரு முடிந்த கதை. அந்தக் கதை எந்தக் கல்வெட்டிலிருந்து வந்தது, அதைப் பொறித்தது மன்னரின் ஆளா ஊர்ச்சபையா, அதில் சொல்லப்படாதவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

சான்றுகளும் இணையத்தில் இருக்கின்றன; ஆனால் பிள்ளைகளுக்கு எட்டாத வடிவில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் மின்னுருவில் உள்ளன. அதன் ‘தகவலாற்றுப்படை’ தளம் கோயில்கள், கல்வெட்டுகள், நடுகற்கள் பற்றிய தரவுகளைத் தருகிறது. சி. எஸ். குரோல் 1879இல் வெளியிட்ட செங்கற்பட்டு மாவட்டக் கையேட்டை இணையத்தில் யாரும் படிக்கலாம். 1950களில் அமெரிக்க இராணுவ நிலப்பட நிறுவனம் வரைந்த தென்னிந்திய வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வாளருக்கு இவை களஞ்சியம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவை பூட்டிய அறை. சாவி செய்ய வேண்டியது நம் பொறுப்பு: ஒரு பக்க அளவில் ஒரு சான்று, அதற்கு எளிய தமிழில் ஒரு விளக்கம், நேரான ஒரு கேள்வி.

புறநகரே பாடநூல்

அத்தகைய சான்றுத் தொகுப்புகள் எப்படி அமையலாம் என்பதைத் தென்சென்னைப் புறநகரின் ஐந்து இடங்களை வைத்துக் காட்ட விரும்புகிறேன். ஐந்தும் மின்ரயிலிலோ மாநகரப் பேருந்திலோ போய்வரக்கூடிய தொலைவில் இருப்பவை.

முதலாவது, பல்லாவரத்துக் கைக்கோடரி. ஃபூட் எடுப்பதற்கு முன் எத்தனையோ பேர் அந்தக் குழியில் சரளை வெட்டியிருப்பார்கள். யாருக்கும் அது கருவியாகத் தெரியவில்லை. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பழங்காலக் கற்கருவிகள் அடையாளம் காணப்பட்ட செய்தியை ஃபூட் அறிந்திருந்தார்; அதனால் தேடிக்கொண்டிருந்தார். கேள்வி இருந்தவர் கண்ணுக்குத்தான் கல் சான்றாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அதிரம்பாக்கத்தில் இன்னும் வளமான களத்தைக் கண்டார்கள். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்குள்ள கைக்கோடரிப் பண்பாடு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையது என்று 2011இல் சயன்ஸ் இதழிலும், இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018இல் நேச்சர் இதழிலும் முடிவுகள் வெளிவந்தன. பிள்ளைகளுக்கான கேள்வி இங்கேதான்: அதிரம்பாக்கத்துக் காலத்தை அப்படியே பல்லாவரத்துக் கல்லுக்கும் சொல்லலாமா? சொல்லக்கூடாது. மண்ணடுக்குக்குள் புதைந்தபடி கிடைத்த பொருளின் காலத்தைக் கணிக்கலாம். இடம்விட்டு எடுக்கப்பட்ட கல்லுக்கு அந்த வசதி இல்லை. ஒரு சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இந்த ஒரு பாடம் கற்பித்துவிடும். கல்லைச் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படம் ஒன்றைத் திரையில் தந்துவிட்டு, ஃபூட்டின் சேகரிப்பு இருக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

இரண்டாவது, பல்லாவரம் குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர் குடைந்த கோயில் அது. ஐந்து கருவறைகள், மன்னரின் பட்டப்பெயர்களைத் தாங்கிய பல்லவ கிரந்த எழுத்துகள். இன்று அது தர்கா. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக அதே மன்னர் கல்வெட்டில் பெருமிதத்தோடு பதிந்திருக்கிறார். இரண்டு குடைவரைகளின் படங்களையும் தரைப்படங்களையும் அருகருகே வைத்தால், தூண்களின் அமைப்பையும் எழுத்துகளையும் பிள்ளைகளே ஒப்பிட்டுக் காண்பார்கள். மக்கள் வழிபடும் இடத்துக்குள் நாற்பது பிள்ளைகள் கூட்டமாக நுழைவதைவிட, முதலில் திரையில் படித்து, பிறகு சிறு குழுவாக மரியாதையோடு போய்வருவது நல்லது. ஒரே பாறை 1,400 ஆண்டுகளில் வேறுவேறு மக்களுக்குப் புனிதமாக இருந்திருக்கிறது என்ற உண்மையை வெறுப்பின்றி எடுத்துச் சொல்லும் துணிவு வரலாற்று வகுப்புக்கு வேண்டும்.

மூன்றாவது, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில் ஓடிய ஒரு கோடு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கான அடிக்கோட்டை இங்கே அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. ஏறக்குறைய 400 முறை சங்கிலியைக் கிடத்த வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால், கூடாரத்தின் நிழலில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். இந்தக் கோட்டிலிருந்து விரிந்த முக்கோணங்களின் தொடர்ச்சிதான் அரை நூற்றாண்டு கழித்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்தது. இணைய வரைபடத்தில் இரு முனைகளையும் பிள்ளைகள் குறித்து, தொலைவை அளந்து பார்க்கலாம். பிறகு கடினமான கேள்விகளுக்கு வரலாம். சங்கிலியைச் சுமந்தவர்கள் யார்? அவர்கள் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை? ஒரு வணிகக் கும்பினிக்கு இத்தனை துல்லியமான வரைபடம் எதற்குத் தேவைப்பட்டது? எட்டாம் வகுப்பின் காலனியப் பாடம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கும்.

அதே பெரும்பாக்கத்தில் இன்று, கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் மறுகுடியமர்த்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் சென்னையைக் கட்டியவர்கள். அவர்களின் நினைவுகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. கைபேசியின் ஒலிப்பதிவு வசதி ஒன்றே போதும், ஓர் ஏழாம் வகுப்பு மாணவி தன் ஆயாவிடம் கேட்டு, அதுவரை எழுதப்படாத நகர வரலாற்றின் ஒரு பக்கத்தைப் பதிந்துவிடுவாள். ஊடாடும் வரலாற்றுக் கல்வியின் உச்சமாக நான் கருதுவது இதைத்தான்: கற்பவர் சான்றைப் பயன்படுத்துபவராக மட்டும் இல்லாமல் சான்றை உண்டாக்குபவராகவும் ஆவது.

நான்காவது, மின்ரயில். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீட்டர் கேஜ் பாதை மின்மயமாகி 1931 மே 11 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தாம்பரம், சென்னை நகரத்தின் நீட்சியாக வளர்ந்ததற்கு இந்தப் பாதையே முதற்காரணம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் காசநோய்க்கான சானடோரியத்தை இங்கே அமைத்தார். அரசு 1937இல் அதை ஏற்றது. அதே 1937இல் நூறாண்டு கண்ட சென்னை கிறித்தவக் கல்லூரி நகர நடுவிலிருந்து சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. இந்த மூன்று செய்திகளையும் ஒரு காலக்கோட்டில் வைத்து, ‘நோயாளிகளும் மாணவர்களும் ஏன் ஒரே ஊரைத் தேடி வந்தார்கள்?’ என்று கேட்டால் விடை தேடும்போது இடம், காற்று, நிலவிலை, ரயில் எல்லாம் பேச்சில் வரும். மீட்டர் கேஜ் மின்ரயில் 2004 வரை ஓடியது. அதில் ஏறி வேலைக்குப் போன பெற்றோரும் தாத்தாக்களும் சாட்சிகளாக வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஐந்தாவது, ஏரிகள். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. இன்று நடுநிலைப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது வீட்டில் கேட்ட கதை. 1950களின் வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நீர் எந்த வழியில் வந்தது, அந்த வழியில் இன்று என்ன நிற்கிறது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அங்கிருந்து உத்திரமேரூருக்குப் போகலாம். முதலாம் பராந்தகச் சோழரின் காலத்தைச் சேர்ந்த பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. அவற்றில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைக் காப்பதற்கென்று ஒரு வாரியம் இருந்தது என்பதைத் தேர்வுக்கான ஒரு வரியாகப் படிப்பதற்கும், வெள்ளம் புகுந்த தெருவில் நின்று படிப்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. அந்த வாரியத்தில் யார் இருக்க முடிந்தது, நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் அதில் இடம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். பெருமையோடு சேர்த்து எல்லைகளையும் காட்டுவதுதான் நேர்மையான பாடம்.

திரையின் எல்லைகள்

இணையவழிப் பாடத்துக்கு மூன்று ஆபத்துகள் உண்டு.

முதல் ஆபத்து, விளையாட்டு யார் பக்கம் நின்று கதை சொல்கிறது என்பது. ஆரிகன் டிரெயில் தலைமுறைகளாகப் புகழ்பெற்றிருந்தாலும், அந்த நிலத்தின் பூர்வகுடிகள் அதில் வழிப்போக்குக் காட்சியாகவே இருந்தார்கள் என்ற விமர்சனம் நெடுநாள் எழுந்தது. 2021இல் வந்த புதிய வடிவத்தை உருவாக்கியவர்கள் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களைக் கலந்து திருத்தங்கள் செய்தார்கள். நம் மண்ணிலும் மன்னரின் குதிரைமீது பிள்ளையை ஏற்றிவைக்கும் விளையாட்டுகள் எளிதில் வரும். ஏர் பிடித்தவர், நெய்தவர், ஏரி வெட்டியவர் ஆகியோரின் பார்வையும் அதில் வேண்டும்.

இரண்டாவது, பொய்ச் செய்தி. வரலாறு என்ற பெயரில் கைபேசிக்கு வந்து சேரும் காணொளிகளையும் பகிர்வுகளையும் பிள்ளைகள் பாடநூலைவிட அதிகம் பார்க்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளும் சரளமான தமிழில் தவறான ஆண்டுகளைச் சொல்லக்கூடும். வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் 10 வரலாற்றாசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரை இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். படித்த வரலாற்றாசிரியர்கள்கூடத் தளத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள்; சரிபார்ப்பாளர்கள் அந்தத் தளத்திலேயே தங்காமல், அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்த்ததால் விரைவில் உண்மையைக் கண்டார்கள். இந்தப் பழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே கற்றுத் தரலாம். சொன்னவர் யார், எதை வைத்துச் சொல்கிறார், வேறு யாரும் அப்படிச் சொல்கிறார்களா என்ற மூன்று கேள்விகள் போதும்.

மூன்றாவது, கருவி எல்லார் கையிலும் இல்லை. இந்தியக் கிராமங்களில் எடுக்கப்பட்ட ஏசர் ஆய்வின்படி, வீட்டில் திறன்பேசி உள்ள பள்ளி மாணவர்களின் பங்கு 2018இல் 36.5 விழுக்காடாக இருந்து 2021இல் 67.6 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் அப்படித் திறன்பேசி உள்ள வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அது படிப்புக்குக் கிடைக்கவே இல்லை. அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் கைபேசியை வைத்துப் பாடத்திட்டம் எழுத முடியாது. வீட்டுப் பாடத்துக்கு இணையம் கட்டாயம் என்று சொல்லும் எந்தத் திட்டமும் ஏழைப் பிள்ளையைப் பின்தள்ளும். ஆகவே திரை பள்ளியில் இருக்கட்டும்: வகுப்புக்கு ஒரு திரை, நான்கு பேருக்கு ஒரு கருவி, மற்றவை அச்சிட்ட தாளில். தட்டச்சுக் கருவி ஒன்றைச் சுற்றி ஒரு வகுப்பே கூடி 1971இல் படித்தது. பகிர்ந்து பயன்படுத்துவதால் கற்றல் குறைவதில்லை, பேச்சு கூடுகிறது.

செய்ய வேண்டியவை

சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய நான்கையும் நடத்துகிறார். அவரிடம் சான்றுகளைத் தேடித் தொகுக்கச் சொல்வது நியாயமல்ல. அந்த வேலையை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். நான் முன்வைப்பவை இவை.

மணற்கேணியில் ஒவ்வொரு வரலாற்றுப் பாடத்துக்கும் காணொளியோடு ஒரு சான்றுப் பக்கம் சேர வேண்டும்: ஒரு கல்வெட்டின் படமும் அதன் எளிய தமிழ் வடிவமும், அல்லது ஒரு பழைய வரைபடம், அல்லது ஒரு பொருளின் முப்பரிமாணப் படம், கூடவே ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வி.

மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகுப்பு போதாது. வட்டாரத் தொகுப்புகள் வேண்டும். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் பல்லாவரம், திருநீர்மலை, மாடம்பாக்கம் என்று வரலாற்றுச் செழுமை மிக்க ஊர்கள் உள்ளன. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயில் யானையின் பின்புறம்போல் வளைந்த கருவறையும் சோழர் காலக் கல்வெட்டுகளும் கொண்டு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. முதல் வட்டாரத் தொகுப்பை இங்கிருந்தே தொடங்கலாம். சென்னை கிறித்தவக் கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் அதைத் தொகுத்து, பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் சோதித்துத் திருத்தலாம்.

மதிப்பீடு மாற வேண்டும். வளரறி மதிப்பீட்டின் ஒரு பகுதியைச் சான்றை வைத்து எழுதும் ஒரு பத்திக்கு ஒதுக்கினால் போதும். தேர்வில் வருவதைத்தான் பள்ளி கற்பிக்கும் என்பதால், அந்தச் சிறு மாற்றம் வகுப்பறையையே மாற்றும்.

பிள்ளைகள் சேகரிக்கும் நினைவுப் பதிவுகளையும் படங்களையும், பேசியவர்களின் ஒப்புதலோடும் பிள்ளைகளின் பெயர் விவரங்களை மறைத்தும், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற பொது நிறுவனம் நிலையாகச் சேமித்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதிலிருந்து தொடங்குவார்கள்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. இருக்கும் செயலியும் இருக்கும் மின்னூலகமும் இருக்கும் வரைபடங்களும் போதும். தேவைப்படுவது, பிள்ளைகளைத் தகவல் நிரப்பும் பாத்திரமாகக் கருதாமல், சான்றை எடைபோடத் தகுந்தவர்களாக நம்பும் மனம். பன்னிரண்டு வயதில் ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்கப் பழகிய பிள்ளையை வளர்ந்தபின் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. பள்ளிக் கல்வித் துறையும் தாம்பரம் மாநகராட்சியும் வட்டாரக் கல்லூரிகளும் வரும் கல்வியாண்டிலேயே சில நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்க வேண்டும். பெற்றோர் தம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.